சென்னை – கன்னியாகுமரி, கடலோரமாகவே காரில்: 4 நாள் போதுமா?

#1 | தெற்குத்திசை

வணக்கம். ஜனவரி கடைசியில் 4 நாள் கிடைக்கிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. நாலு பேர், ஒரு சாதாரண ஹேட்ச்பேக். வரைபடத்தில் 700 கி.மீ. காட்டுகிறது. போட்டிருக்கும் திட்டம்:

முதல் நாள் சென்னை – வேளாங்கண்ணி. இரண்டாம் நாள் வேளாங்கண்ணி – ராமேஸ்வரம். மூன்றாம் நாள் ராமேஸ்வரம் – திருச்செந்தூர். நாலாம் நாள் காலை கன்னியாகுமரி, மதியம் கிளம்பி நாற்கரச் சாலையில் சென்னை.

இது நடக்குமா? எங்கே நிறுத்த வேண்டும், எதை விடலாம், வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்? இந்தப் பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

#2 | கழிமுகம்

முதலில் அந்த 700. அது திருச்சி, மதுரை வழி. கடலோரமாகவே போனால், கிளைச்சாலைகளில் போய்த் திரும்புவதையும் சேர்த்து 900-ஐத் தாண்டும். செயலியில் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் போட்டால் அது உள்நாட்டுச் சாலைக்குத்தான் இழுக்கும். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி வழி போட்டு, நடுவில் நாலைந்து ஊர்களை நிறுத்தங்களாகச் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, இதை எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடல் தெரிவது குறைவு. சென்னைப் பக்கம் மதில் சுவரும் விடுதிகளும் மறைக்கும், அதைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, அப்புறம் உப்பளம், இறால் பண்ணை, தெற்கே போனால் கருவேலங்காடு. கடல் அரை கிலோமீட்டரிலிருந்து ஐந்து, ஆறு கிலோமீட்டர் வரை தள்ளியே இருக்கும். அதனால் எந்த இடத்தில் இடதுபக்கம் திரும்புவது, எந்த நேரத்தில் திரும்புவது என்று குறித்து வைத்துக்கொள்வதுதான் இந்தப் பயணத்துக்குத் திட்டம். கிலோமீட்டரை நாளுக்கு நாள் பங்கு போட்டால் 900 கி.மீ. சவுக்கு மரம் பார்த்துவிட்டு வருவீர்கள்.

வடக்கிலிருந்து தெற்கே போவது சரியான திசை. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், கடலும் இடப்பக்கம். எதிர்வரும் லாரியைக் கடக்காமல் சட்டென்று ஒதுங்கலாம், திரும்பலாம். தெற்கிலிருந்து வடக்கே வந்தால் ஒவ்வொரு கிளைச்சாலைக்கும் எதிர்த்தடத்தைக் குறுக்கே வெட்ட வேண்டும். புதிய நாற்கரப் பகுதிகளில் நடுத்தடுப்பு இருப்பதால் 'யூ' திருப்பம் தேடியே நேரம் போகும்.

வரிசையாகத் திரும்ப வேண்டிய இடங்கள்:

மாமல்லபுரம். காலை 6 மணிக்கே திறந்துவிடுவார்கள். கடற்கரைக் கோயிலை முதலில் பாருங்கள், கிழக்கு வெளிச்சம் நேரே விழும். ஐந்து ரதம் அடுத்தது. அர்ஜுனன் தபசு சாலையோரத்திலேயே இருக்கிறது, சீட்டு கிடையாது. வழியில் முதலைப் பண்ணை பார்ப்பதாக இருந்தால் திங்கள் விடுமுறை, தட்சிணசித்ரா செவ்வாய் விடுமுறை.

கடப்பாக்கத்தில் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. உப்பங்கழியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் செங்கல் இடிபாடு. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்ததை 1760-ல் ஆங்கிலேயர் இடித்தார்கள். நிழல் கிடையாது, 10 மணிக்குள் பார்த்துவிட வேண்டும். அங்கிருந்து மரக்காணம் உப்பளம். வாய்க்காலில் நீர் ஏற்றியிருக்கும் பாத்திகளும், ஏற்கெனவே வெளுத்துப் பூத்துவிட்ட பாத்திகளும் சாலையிலிருந்தே தெரியும். பாத்தி வரப்பில் காரை இறக்காதீர்கள். மேலே காய்ந்த மண், அடியில் சேறு.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலை மாலை 6 மணிக்கு வாகனங்களுக்கு மூடப்படும், காலை 7.30-க்குத்தான் திறக்கும். அந்தச் சாலையில் அறை எடுத்தால் வண்டி நிறுத்துவது எங்கே என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிச்சாவரம். முதல் படகுக்கே போய்விட வேண்டும். துடுப்புப் படகுதான் குறுகலான ஓடைகளுக்குள் நுழையும், மோட்டார் படகு அகலமான நீர்ப்பரப்போடு சரி. பக்கத்தில் சிதம்பரத்தில் தில்லைக் கூத்தனைப் பார்க்க நினைத்தால் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். அதற்கேற்ப முன்னே பின்னே மாற்றிக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடி. இந்த வழித்தடத்தில் கடலும் ஊரும் உண்மையாகவே கைகோத்து நிற்கும் ஒரே இடம் என்று சொல்வேன். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, எதிரே அலை. பக்கத்திலேயே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றிருப்பது கண்ணெதிரே தெரியும். ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு 1706-ல் வந்திறங்கிய ஊர். ஒரு மணி நேரம் என்று போட்டால் போதாது, ஒரு இரவு கொடுங்கள்.

கோடியக்கரை. வேதாரண்யத்திலிருந்து 10 கி.மீ. சொச்சம். 1930 உப்புச் சத்தியாகிரகம் நடந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். உங்களுக்கு அமைந்த மாதம் நல்ல மாதம், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பூநாரை உள்பட வலசைப் பறவைகள் இருக்கும். வெளிமான்களைக் காலையிலும் மாலையிலும் புல்வெளியில் பார்க்கலாம்.

வேதாரண்யத்துக்குத் தெற்கே கரையோரச் சாலையே இல்லை. நடுவே சதுப்பு நிலம். உள்ளே ஏறி முத்துப்பேட்டைக்குச் சுற்ற வேண்டும். இந்தப் பகுதியில் கடலை எதிர்பார்க்காதீர்கள்.

மனோரா. மல்லிப்பட்டினம் பக்கத்தில், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம். நெப்போலியனின் தோல்வியைக் கொண்டாடக் கட்டியது. பாக் நீரிணை இங்கே ஆழமில்லாமல் ஏரி மாதிரிக் கிடக்கும். அதற்குத் தெற்கே கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம். இந்த நீட்டம்தான் மொத்தப் பயணத்திலும் போக்குவரத்து குறைந்தது, சாலையும் நன்றாக இருக்கும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்க்க அரை மணி போதும்.

பாம்பன், தனுஷ்கோடி பற்றித் தனியாக எழுதுகிறேன்.

#3 | சவுக்குத்தோப்பு

கழிமுகம் ஐயா சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் முதல் நாள் நடக்காது, தோழர். சென்னை – மாமல்லபுரம் 50, புதுச்சேரி 95, கடலூர் 24, சிதம்பரம் 45, தரங்கம்பாடி 50, காரைக்கால் 15, நாகை 20, வேளாங்கண்ணி 12. எல்லாம் கிட்டத்தட்ட 310 கி.மீ. கிளைச்சாலைகளுக்கு 40 சேருங்கள். இந்த வழியில் ஊர், வேகத்தடை, ஆடு, பேருந்து எல்லாம் சேர்த்து மணிக்கு 40-க்கு மேல் சராசரி வராது. சக்கரம் மட்டுமே ஒன்பது மணி நேரம் சுழல வேண்டும். ஜனவரியில் பகல் வெளிச்சம் பதினொன்றரை மணி நேரம். மிச்சம் இருப்பதில் சாப்பாடு, டீ, கடல் எல்லாம் அடங்காது.

இரண்டாம் நாளும் அதே 310-க்குப் பக்கம் வரும். நாலாம் நாள் மதியம் கன்னியாகுமரியில் கிளம்பி சென்னை என்பதை எடுத்தே விடுங்கள். நாற்கரச் சாலையாக இருந்தாலும் 700 கி.மீ. ஒரு முழு நாள். நள்ளிரவுக்கு மேல் ஓட்டும் நிலை வரும்.

என் கருத்து: சென்னை – புதுச்சேரியை வெட்டிவிடுங்கள். அது எந்த சனி, ஞாயிறும் போய் வரக்கூடிய தூரம். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி விழுப்புரம் வழியாக நேரே பிச்சாவரம். அங்கிருந்துதான் உங்கள் பயணம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#4 | ரெட்டைச்சக்கரம்

தை மாசத்துல போறீங்க. தேதி பார்த்துட்டீங்களா? தை அமாவாசை அன்னிக்கு ராமேஸ்வரத்துல அறையும் கிடைக்காது, வண்டி நிறுத்தவும் இடம் இருக்காது. தைப்பூசத்தை ஒட்டி திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போறவங்க விடியறதுக்கு முன்னாடியே சாலையோரம் நடப்பாங்க. இருட்டுல ரொம்பக் கவனம். (வேற மாசம் போற யாராவது இதைப் படிச்சா: வேளாங்கண்ணி திருவிழா ஆகஸ்ட் 29 – செப்டம்பர் 8. அந்த நாட்கள்ல கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க நடைபயணிகள்.)

இன்னொண்ணு, ஜனவரி, பிப்ரவரி டெல்டால சம்பா அறுவடை. நாகை, வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் சாலையில பாதியை நெல்லு காயப் போட்டிருப்பாங்க. ஓரத்துல கல் வரிசை இருக்கும், ராத்திரி கண்ணுக்குத் தெரியாது. வைக்கோல் பரப்பி இருந்தா காரை அது மேல நிறுத்தாதீங்க. புகைபோக்கிச் சூட்டுல பத்திக்கும், அடியில அச்சைச் சுத்திக்கிட்டா எடுக்கவும் கஷ்டம். கொஞ்சம்தான் இருக்குன்னா நேரா மெதுவா தாண்டி, அப்புறம் நிறுத்தி அடியில குனிஞ்சு பாருங்க.

#5 | தெற்குத்திசை

தேதியைப் பார்த்தேன், ஒரு வாரம் தள்ளி வைத்துக்கொள்கிறேன். ஒரு நாளும் கூடுதலாகக் கேட்டு வாங்கிவிட்டேன், ஐந்து நாள். தனுஷ்கோடி பற்றி எழுதுவதாகச் சொன்னீர்களே? மணலில் கார் சிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள்.

#6 | கழிமுகம்

பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்தது, நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், இரண்டே தடம். நடுவில் காரை நிறுத்தாதீர்கள். ஒருவர் நிறுத்தினால் பின்னால் இருபது வண்டி நிற்கும், காவலர் அபராதம் போடுவார். கரை முனையில் வண்டியை விட்டுவிட்டு, ஓர நடைபாதையில் நடந்து போய்ப் பாருங்கள். 1914-ன் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் பக்கத்தில் தெரியும். கப்பல் கடக்கும்போது மட்டுமே தூக்குவார்கள், அதைக் கணக்கில் வைத்து நேரம் போடாதீர்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை 20 கி.மீ.க்கு மேல். 2017-லிருந்து முனை வரைக்கும் தார்ச்சாலை, ஜீப் தேவையில்லை. மாலையில் காவல் சாவடியில் உள்ளே விடமாட்டார்கள், உள்ளே இருப்பவர்களையும் இருட்டும் முன் வெளியே அனுப்புவார்கள். சிறந்த நேரம் காலை, சாவடி திறந்ததும். 10 மணிக்கு மேல் வேன்கள் வந்துவிடும்.

அங்கே சாலைக்கு இரண்டு பக்கமும் கடல். உள்ளூரில் பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். வடபக்கம் அமைதி, தென்பக்கம் சீற்றம் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள், காற்றைப் பொறுத்து மாறும். சோளகம் என்னும் தென்காற்று வீசும் மே – செப்டம்பரில் தென்பக்கம் கொதிக்கும். வாடை வீசும் மாதங்களில், அதாவது நீங்கள் போகும் நேரத்தில், வடபக்கம்தான் அலை தூக்கும். 1964 டிசம்பர் 22 இரவு ஊரை அழித்த புயல் நினைவாக நிற்கும் தேவாலயச் சுவரும் ரயில் நிலைய இடிபாடும் வழியில் இருக்கின்றன. பவளப் பாறைக்கல்லால் கட்டியவை. கிட்டே போய்ப் பார்த்தால் கல்லின் துளைகள் தெரியும். ஏறாதீர்கள், உதிரும்.

கைப்பேசியில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். முனைக்கு அருகில் இலங்கை அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும்.

#7 | அச்சாணி

மணல் விஷயத்துக்கு வருகிறேன். தனுஷ்கோடிச் சாலையில் காற்று மணலைத் தாரின் மேல் மெல்லிய தகடாகப் போர்த்தும். தூரத்திலிருந்து சாலை நிறம் கொஞ்சம் வெளிறினால் அது மணல். அதன் மேல் பிரேக் அழுத்தினால் வழுக்கும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, நேராகத் தாண்ட வேண்டும். இரு சக்கர வண்டிக்காரர்கள் வளைவில் முன்பிரேக்கைத் தொடவே கூடாது.

கார் சிக்குவது சாலையில் நடப்பதில்லை. படம் எடுக்க ஓரத்தில் இறக்கும்போதுதான். தாரின் விளிம்பிலிருந்து ஒரு டயர் அகலம் உள்ளே போனால் போதும், உலர்ந்த பொடி மணல். அப்போது செய்ய வேண்டியது:

சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்று தெரிந்த கணமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இன்னும் மூன்று நொடி மிதித்தால் அடிப்பலகை மணலில் உட்கார்ந்துவிடும், பிறகு டயருக்குப் பாரமே இராது, நாலு பேர் தள்ளினாலும் வராது. இறங்கி, முன் சக்கரங்களுக்கு (ஹேட்ச்பேக்குகள் பெரும்பாலும் முன்சக்கர இயக்கம்) முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரி, சரிவாக வழி செய்யுங்கள். டயர் காற்றை 32-லிருந்து 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள், வால்வின் நடுவூசியைச் சாவி முனையால் அழுத்தினால் போதும். அளவி இல்லாமல் குத்துமதிப்பாக இறக்காதீர்கள். காற்று குறைந்தால் டயர் மணலைத் தொடும் நீளம் கூடும், அதனால்தான் மிதக்கிறது. கால் மிதியடிகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முதலில் பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். வந்த தடம் ஏற்கெனவே அழுந்தி இறுகியிருக்கும், அதுதான் சுலபமான வழி. முன்னோக்கிதான் என்றால் இரண்டாம் கியரில், கிளட்சை மெதுவாக விட்டு.

வெளியே வந்ததும் 18-லேயே ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. வேகத்தில் திரும்பினால் டயர் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடும். 12 வோல்ட் பம்பு ஒன்று வாங்கி வையுங்கள், அதற்குத்தான். கடற்கரை மணலில் வேண்டுமென்றே ஓட்டுவது பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜனவரி – மார்ச் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம், கூடு மணலுக்கு அடியில் இருக்கும், மேலே இருந்து தெரியாது.

காற்று இன்னொரு வேலை செய்யும். தனுஷ்கோடியில் காரைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்துங்கள். காற்று பின்னாலிருந்து வந்தால், கதவைத் திறந்ததும் கையிலிருந்து பிடுங்கி முன்னுக்கு மடக்கும், கீல் வளைந்துவிடும். இரண்டு பக்கக் கதவையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் காகிதமெல்லாம் கடலுக்குப் போய்விடும்.

கண்ணாடியில் உப்புப் படலம் படியும். பகலில் தெரியாது. மாலை வெயில் எதிரே வரும்போது மொத்தக் கண்ணாடியும் பால் மாதிரி வெளுத்துவிடும். உலர்ந்த வைப்பரைப் போட்டால் மணல் கோடு போடும். முதலில் நிறையத் தண்ணீர், பிறகுதான் வைப்பர். தினமும் இரவு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். காலையில் பிரேக் டிஸ்க்கில் செந்துரு தெரியும், முதல் நாலைந்து பிரேக்கில் கரகரத்துப் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. ஊர் திரும்பியதும் அடிப்பகுதி முழுதும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். சக்கர வளைவுகளின் உள்மடிப்பில் மணலும் உப்பும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஓட்டி வந்த சூட்டோடு பீய்ச்சாதீர்கள், டிஸ்க் ஆறட்டும்.

#8 | தெற்குத்திசை

இதைத்தான் தேடினேன், நன்றி. குளிக்கலாமா? எந்தக் கடற்கரையில்?

#9 | கழிமுகம்

மாமல்லபுரம், அரிச்சல்முனை இரண்டிலும் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரிச்சல்முனையில் இரண்டு கடலின் நீரோட்டமும் சந்திக்கிறது, கரை சட்டென்று ஆழமாகும்.

தூண்டில் வளைவு போட்டிருக்கும் கடற்கரைகளில், அந்தக் கல் அணையை ஒட்டிக் குளிக்கவே கூடாது. கரைக்கு வரும் நீர் அணையை ஒட்டித்தான் வேகமாகத் திரும்பிப் போகும், ஆளையும் இழுக்கும். அலை உடையாமல் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அது குளிக்கும் இடமல்ல, இழுக்கும் இடம். இழுபட்டால் கரையை நோக்கி நீந்தாமல் பக்கவாட்டில் நீந்த வேண்டும்.

கன்னியாகுமரிப் பக்கம் இன்னொன்று, கள்ளக்கடல். எங்கோ தெற்கே நடுக்கடல் புயலில் பிறந்த அலை, இரண்டு மூன்று நாள் கழித்து இங்கே வெயிலடிக்கும் நாளில் கரையேறும். வானத்தைப் பார்த்து எதுவும் தெரியாது. இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்னெச்சரிக்கை விடும், காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மீனவர்கள் நாட்டுப் படகை மேட்டுக்கு இழுத்துவைத்திருந்தால், காரணம் கேளுங்கள்.

குளிக்க ஆசையிருந்தால் தேவிபட்டினம், ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் போன்ற ஆழமில்லாத, ஆட்கள் இருக்கும் இடம்.

#10 | தெற்குத்திசை

எல்லாவற்றையும் வைத்து இப்படி மாற்றியிருக்கிறேன்.

1: சென்னையில் காலை 4, நேரே பிச்சாவரம், மாலை தரங்கம்பாடி, அங்கேயே இரவு. 2: நாகூர், நாகை, மாலை கோடியக்கரை, இரவு வேதாரண்யம். 3: மனோரா, தொண்டி, தேவிபட்டினம், இரவு ராமேஸ்வரம். 4: காலை அரிச்சல்முனை, கீழக்கரை, சாயல்குடி, தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் இரவு. 5: மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி, இரவு அங்கே. அடுத்த நாள் விடுமுறை போட்டுத் திரும்புகிறேன், ஆக ஆறு நாள்.

#11 | சவுக்குத்தோப்பு

இப்போது சரியாக இருக்கிறது. காரைக்காலில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், விலை குறைவு. அங்கிருந்து மது பாட்டில் மட்டும் காரில் வேண்டாம், தமிழ்நாட்டு எல்லையில் சோதிப்பார்கள்.

#12 | கழிமுகம்

நாலாம் நாளில் ஒரு திருத்தம். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை சாலை தென்மேற்காகப் போகிறது, கிட்டத்தட்ட 120 கி.மீ. மூன்று மணிக்கு மேல் அதில் ஏறினால் வெயில் கண்ணாடிக்கு நேரே நிற்கும், அச்சாணி சொன்ன உப்புப் படலமும் சேர்ந்தால் குறுக்கே வரும் ஆடு தெரியாது. அரிச்சல்முனையை 9 மணிக்கு முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டைத் தாமதப்படுத்தியாவது 2 மணிக்குள் வேம்பாரைத் தாண்டிவிடுங்கள். கோயிலில் 22 தீர்த்தமும் ஆட வேண்டுமென்றால் அதை மூன்றாம் நாள் மாலைக்கு மாற்றுங்கள், காலையில் இரண்டும் சேராது.

ஐந்தாம் நாள் மணப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே வளைந்த கரை, வரிசையாகப் படகுகள். நீங்கள் கேட்ட 'கடலைப் பார்த்துக்கொண்டே' என்பது அங்கேதான் முழுதாகக் கிடைக்கும். வழியில் குலசேகரப்பட்டினம், இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024-ல் அடிக்கல் நாட்டிய பகுதி, மாற்றுப்பாதைப் பலகைகளைக் கவனியுங்கள். கூடங்குளம் அணுமின் நிலையப் பக்கம் நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம்.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைப் படகு மாலை 4 மணியோடு முடியும், கடல் கொந்தளித்தாலோ நீர்மட்டம் இறங்கினாலோ இடையிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் 1 மணிக்குள் வரிசையில் நில்லுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை சூரியன் கடலிலேயே மறையும், மற்ற மாதங்களில் நிலத்துக்குப் பின்னால் போய்விடும். உங்கள் தேதிக்கு ஆறேகால் மணிக்கு மேற்குக் கரையில் இடம் பிடித்திருங்கள்.

#13 | ரெட்டைச்சக்கரம்

சக்கரம் மாத்துற ஜாக்கியை இப்பவே ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அதுக்கு அடியில வைக்க ஒரு அடி சதுரத்துல பலகை ஒண்ணு டிக்கியில போட்டுக்குங்க. மணல் ஓரத்துல பலகை இல்லாம ஜாக்கி போட்டா வண்டி தூக்காது, ஜாக்கிதான் இறங்கும்.